நார்மல் ஆண்

‘நார்மல் ஆண்’ என்று லேபிள் ஒட்டி நான் டாக்டரிடம் நீட்டிய கண்ணாடித் தகட்டில் இருந்தது என் சொந்தக் கன்னத்துத் தோல். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லேபரட்டரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சகஜம். புதுச் சாயமோ புதுப் பரிசோதனையோ எது வந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆளின் மாதிரி ஒன்று வேண்டும். அதற்காக வார்டு வார்டாக அலைய யாருக்கு நேரம் இருக்கிறது? சட்டைக் கையை மடக்கி நம் ரத்தத்தையே எடுத்துக்கொள்வோம். பதினாறு வருஷ சர்வீசில் முனிகிருஷ்ணன் என்கிற இந்த ஆளின் ரத்தமும் எச்சிலும் எத்தனையோ தடவை ‘நார்மல்’ என்று சாட்சி சொல்லியிருக்கின்றன. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று. பெயர் எதற்கு? 1962-ஆம் வருஷம், ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. டாக்டர் டென்சில் இங்கிலாந்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வந்த கையோடு, குழந்தை இல்லையென்று வருகிற எல்லாத் தம்பதிகளிலும் ஆண்களைத்தான் முதலில் பரிசோதிக்கப்போவதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. குழந்தை இல்லையென்றால் எடுத்த எடுப்பிலேயே ஆம்பளையை எதற்குச் சோதிப்பது? நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பரிசோதனை சுலபம்தான். கன்னத்தின் உள்பக்கத்தை மரக்குச்சியால் லேசாகச் சுரண்ட வேண்டும். அதைத் தகட்டில் பூசி, ஈதரும் ஆல்கஹாலும் கலந்த ஜாடியில் முக்கி, ஊதாச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து நூறு செல்களை எண்ண வேண்டும். பெண்ணின் செல் என்றால் நடுவிலிருக்கும் உட்கருவின் ஓரத்தில், உள்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கரும்புள்ளி தெரியும். நூறில் இருபது செல்லிலாவது தெரியும். ஆணின் செல்லில் அது இருக்காது. ஆணாக வளர்ந்த ஒருவனின் செல்லில் அந்தப் புள்ளி இருந்தால், அவனுக்குக் குழந்தை பிறக்காது. டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெண் மாதிரி வேண்டும், ஓர் ஆண் மாதிரி வேண்டும். பெண்ணுக்கு நர்ஸ் அல்போன்சா வாயைத் திறந்தாள். லிங்கராஜபுரத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். “முனி சார், எங்கன்னத்துல நேத்து தின்ன கேக்குதான் இருக்கும், பாத்துக்குங்க” என்றாள். ஆணுக்கு வழக்கம்போல நானே என் வாயைத் திறந்துகொண்டேன்.

முதலில் அல்போன்சாவின் தகடு. நூறில் முப்பத்துநான்கு. பிறகு என்னுடையது. இதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்ற அலட்சியத்தோடுதான் கண்ணை வைத்தேன். முதல் செல்லில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில், சுவரோடு சாய்ந்துகொண்டு அது நின்றது.

நூறு எண்ணி முடித்தபோது இருபத்தேழு.

டாக்டர் டென்சில் தானும் பார்த்தார். இரண்டு தகட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்ன மேன் முனி! ரெண்டுமே லேடீஸ்தான். சிஸ்டரோட ஸ்மியரையே ரெண்டு தகட்டுலயும் பூசிட்டியா? பதினாறு வருஷ சர்வீஸ், இந்த மிஸ்டேக்கா?”

“ஆமா சார். கை தவறிப்போச்சு” என்றேன்.

கை தவறவில்லை என்று எனக்குத் தெரியும். என் தகட்டை நான் முதலில் பூசி ஜாடியில் போட்ட பிறகுதான் அல்போன்சா அறைக்குள்ளேயே வந்தாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு மறுபடியும் சுரண்டினேன். இருபத்தொன்பது. சனிக்கிழமை இன்னொரு தடவை, இந்தத் தடவை மற்றக் கன்னம். இருபத்தைந்து. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எப்போதாவது வருகிற மற்ற ஆண்களின் விந்தை வருஷக்கணக்காக மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணிக்கை எழுதிக்கொடுத்தவன், அன்றுதான் முதல்முறையாக என்னுடையதை எடுத்துவந்து கண்ணாடியில் வைத்தேன். அசைகிற ஓர் உயிர்கூட அதில் இல்லை. தகட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, வரிசை வரிசையாக, முக்கால் மணி நேரம் தேடினேன். வெறும் தண்ணீர்.

திங்கட்கிழமை, ஆம்புலன்ஸ் டிரைவர் கிருஷ்ணப்பாவின் கன்னத்தைச் சுரண்டி ‘நார்மல் ஆண்’ என்று லேபிள் ஒட்டினேன். அவனுக்கு ஐந்து பிள்ளைகள். நூறு செல்லில் ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டர் என் முதுகில் தட்டி, “இதான் மேன் நார்மல்!” என்றார்.

டாக்டரின் மேஜையில் இருந்த ஒரு பத்திரிகையில் அந்த மாதிரி ஆளின் படம் போட்டிருந்தார்கள். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தது. நெடுநெடு என்ற உயரம், நீளமான கால்கள், வாரம் ஒருமுறை மழித்தால் போதும் என்கிற தாடி, கொஞ்சம் எடுப்பான மார்பு. எங்கள் அல்சூர் தெருவில் என்னை ‘நெட்டை முனி’ என்றுதான் சொல்வார்கள். சலூன்காரன் என் முகத்தைப் பார்த்தால், “வந்துட்டாரு நமக்கு வேலயே வெக்காத மனுசன்” என்பான். பதினாலு வயசிலிருந்து நான் யார் எதிரிலும் பனியனைக் கழற்றியதில்லை. அல்சூர் ஏரியில் பையன்கள் குதித்து ஆடும்போது கரையில் உட்கார்ந்து எல்லோருடைய துணிக்கும் காவல் இருந்தவன் நான். படத்திலிருந்தவனின் கண்ணை அவர்கள் ஏன் மறைத்தார்கள் என்று தெரியவில்லை. மற்றதை வைத்தே அவனை எனக்கு அடையாளம் தெரிந்தது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் படம் அல்ல. சுவரோடு சாய்ந்து நின்ற அந்தப் புள்ளி. அப்படி நிற்கிறவள் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

ஜகதாம்பாள் என் முதல் மனைவி. நாற்பத்தெட்டில் கல்யாணம். நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்காரமாட்டாள். சமையலறை வாசலுக்கு உள்ளே, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். சோறு குறைந்தால் வருவாள், போடுவாள், திரும்பவும் போய்ச் சாய்ந்துகொள்வாள். பேசமாட்டாள். எட்டு வருஷம் அவளை அதிகமாக நான் பார்த்தது அந்த நிலையில்தான்.

பிள்ளை இல்லை. என் அக்கா முத்தம்மாவும் தெருவும் சேர்ந்து அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவள் கையால் எந்த வீட்டு வளைகாப்பிலும் வளையல் போடவிடவில்லை. நாட்டு மருந்து என்று எதையெதையோ குடிக்கவைத்தார்கள், வாந்தி எடுத்தாள், மறுபடியும் குடித்தாள். நான் நல்லவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். ஏனென்றால் நான் அவளைத் திட்டவில்லை. திட்டுகிறவர்களைத் தடுக்கவும் இல்லை.

ஐம்பத்தாறில் ஒருநாள் சாயங்காலம், சுவரில் சாய்ந்தபடியே கேட்டாள். “உங்க ஆஸ்பத்திரில ஆம்பளைங்களயும் பாப்பாங்களாமே? பக்கத்து வூட்ல சொன்னாங்க. ஒரே ஒரு தடவ பாத்துக்குங்களேன்.”

சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். எட்டு நாள் அவளோடு பேசவில்லை. ஒன்பதாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். “பாத்துட்டேன். எனக்கு எல்லாம் சரியா இருக்கு. டாக்டரே சொல்லிட்டாரு.”

நான் எதையும் பார்க்கவில்லை. தினமும் பத்து அடி தூரத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு பார்க்கவில்லை. பயமா, திமிரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் தெளிந்தது. “அப்பாடா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அது போதும்” என்றாள். எனக்காகச் சந்தோஷப்பட்டாள். அதை நினைத்தால் இப்போதும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த ஆடியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் மண்சோறு தின்ன உட்கார்ந்தாள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள், கோயில் தரையில் இலையில்லாமல் கொட்டிய சோற்றை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயாலேயே எடுத்துத் தின்பார்கள். அன்று காலையில் மழை பெய்து தரையெல்லாம் சேறு. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் டைபாய்டு வந்தது. சேற்றிலிருந்து வந்ததா, கிணற்றிலிருந்து வந்ததா, யார் கண்டது? அவள் ரத்தத்தை நான்தான் சோதித்தேன், ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். குடலில் ஓட்டை விழுந்து மூன்றாம் வாரம் போய்விட்டாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல பொண்ணா பாத்துக் கட்டிக்குங்க. உங்களுக்குப் பொறக்கும்” என்றாள்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாலியோடு செத்த பெண் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிடுகிறாள். வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்குப் படையல் போட வேண்டும். அவளுடைய கல்யாணக் கூறைப்புடவையை மூங்கில் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, அன்று மட்டும் வீட்டு மருமகளுக்கு உடுத்துவார்கள். செத்தவள் அன்று அந்தப் புடவையில் வந்து இறங்குவதாக நம்பிக்கை.

ஐம்பத்தெட்டில் எனக்குச் சரளாவைக் கட்டிவைத்தார்கள். கோலார் தங்கவயல் பெண். சுரங்கத்துக்குப் போன அப்பாவைப் பாதி நாள் காணாமல் வளர்ந்தவள், வாய் சாமர்த்தியம் உள்ளவள், சிரிக்கத் தெரிந்தவள். ஒரு வருஷம் போயிற்று, இரண்டு போயிற்று. முத்தம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். “மூத்தவ கோவமா கீறா. தன் எடத்துல இன்னொருத்தி வந்துட்டாள்னு மடிய அடைச்சி வெச்சிகினு கீறா.” அதிலிருந்து சரளாவின் சிரிப்பு குறைந்துபோயிற்று. ஒவ்வொரு ஆடியிலும் ஜகதாம்பாளின் அரக்குப் புடவையை உடுத்திக்கொண்டு படையல் எதிரில் விழுந்து, “அக்கா, உங்க எடத்துக்கு ஆசப்பட்டு நான் வரலக்கா. மன்னிச்சிருங்கக்கா” என்று கும்பிடுவாள்.

ஒருநாள் பட்டப்பகலில், அரிசி களைந்துகொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “அக்கா வந்தாங்க” என்றாள்.

“எங்க?”

“தோ, அந்தச் சுவத்துல சாஞ்சிகினு நின்னாங்க. ஒண்ணும் பேசல. என்னயே பாத்துகினு இருந்தாங்க.”

ஜகதாம்பாள் எப்படி நிற்பாள் என்று நான் சரளாவுக்குச் சொன்னதே இல்லை. முத்தம்மா சொல்லியிருப்பாள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அதட்டி உட்காரவைத்து, பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாறு பிழிந்துகொடுத்தேன். விஞ்ஞானம் படித்தவன் அல்லவா!

இப்போது விஞ்ஞானம் படித்தவன் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அவளே நிற்கிறாள். என் கன்னத்துக்குள்ளே, நான்கு செல்லுக்கு ஒரு செல்லில், சுவரில் சாய்ந்துகொண்டு. கோபமில்லை, பேச்சில்லை. சோறு குறைந்தால் போடக் காத்திருக்கிறவள் போல நிற்கிறாள். கண்ணை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால், வெளிச்சத்தில் அந்தப் புள்ளி கொஞ்ச நேரம் மிதந்தது. பஸ்ஸில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்த ஆளின் வெள்ளைச் சட்டையில் மிதந்தது. சரளா போட்ட சோற்றில் மிதந்தது. சாப்பிடாமல் கையைக் கழுவினேன்.

“இன்னா ஆச்சு உங்களுக்கு? ஒரு வாரமா சரியா துன்றதே இல்ல” என்றாள் சரளா.

“வேலை ஜாஸ்தி.”

“இந்த ஆடி வெள்ளிக்கு நான் மண்சோறு துன்றேன்னு வேண்டிக்கினேன். முத்தம்மா அண்ணிதான் சொன்னாங்க. அக்கா போட்டுகினு போன பொடவயிலயே, அக்கா குந்துன எடத்துலயே குந்திச் சாப்பிட்டா அவங்க மனசு எறங்குமாம்.” தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். “அதுக்கப்புறமும் இல்லேன்னா என்னைக் கோலாருக்கு அனுப்பிடலாம்னு அண்ணி சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?”

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். காபி கேட்டேன்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை சொல்லப் போனேன். இரண்டு தடவையும் காபிதான் வந்தது. சரளா என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம் ஒரு பக்கம். தெரு சிரிக்கும், ஆஸ்பத்திரி சிரிக்கும். இவையெல்லாம் பெரிய பயங்கள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. சரளாவிடம் சொன்னால் ஜகதாம்பாளைக் கொன்றது யார் என்றும் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை, பச்சைமுத்து என்று ஒருவன் வந்தான். நூல் மில்லில் வேலை, முப்பது வயசிருக்கும், என்னைப் போலவே உயரம். போன வாரம் அவன் கன்னத்தைச் சுரண்டியிருந்தோம். நூறில் முப்பத்தொன்று. டாக்டர் டென்சிலின் தமிழ் இதையெல்லாம் விளக்கப் போதாது. அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான்தான் அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

சொன்னேன். “ஒடம்பு எப்படி வளரணும்ங்கற குறிப்பு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்குப்பா. குரோமோசோம்னு பேரு. எல்லாருக்கும் நாப்பத்தாறு. உனக்கு ஒண்ணு கூடுதலா இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. பொம்பளைக்கு ரெண்டா இருக்கற ஒண்ணு, ஆம்பளைக்கு ஒண்ணுதான் இருக்கும். உனக்கு அதுவும் ரெண்டு இருக்கு. அம்மா வயித்துல உண்டாகும்போதே ஆனது. நீ செஞ்ச தப்பு இல்ல. எவன் சாபமும் இல்ல. ஆனா உனக்குப் பிள்ளை பொறக்காது.”

ஒவ்வொரு வார்த்தையும் என் வாயிலிருந்து வந்து என் காதிலேயே விழுந்தது. என் குரல் நடுங்கியதை டாக்டர் கவனித்துவிட்டு, இரக்க குணம் என்று நினைத்திருப்பார். தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

பச்சைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “அப்போ அவளுக்கு?”

“யாருக்கு?”

“என் சம்சாரத்துக்கு, சார். வள்ளியம்மாவுக்கு. அவமேல கொற ஒண்ணும் இல்லியா?”

“இல்ல.”

“அப்பாடா” என்றான். “ஊரே அவள வையுது சார். எங்கம்மாவே வையுது.” டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினான். நான் கதவுவரை போய்ப் பார்த்தேன். வராந்தாவில் ஒரு சின்னப் பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரில் போய் நின்று, நாலு பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் உரக்கச் சொன்னான். “எனக்குத்தான்டி! கொற எனக்குத்தான்! உனக்கு ஒண்ணும் இல்ல!” அவன் அழுதான். அவள் முந்தானையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மில் கூலி. வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் நேரத்தில் அவன் செய்து முடித்ததை, நான் ஆறு வருஷமாகச் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். விடிந்ததிலிருந்து தூறல். வீட்டில் முத்தம்மா படையலுக்கு முன்னால் நின்று, “ஜகதா, கோவத்த வுடும்மா. இவ மடியத் தொறந்து வுடும்மா” என்று சத்தமாக வேண்டினாள். பெட்டியைத் திறந்தபோது வீடு முழுக்கக் கற்பூர வாசனை. தலை முழுகிய ஈரத்தோடு சரளா அந்த அரக்குப் புடவையை உடுத்திக்கொண்டு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். வாசலில் ஒரு நொடி சுவரில் கையை ஊன்றி நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் சொல்லலாம் என்று நினைத்தேன். வழியெல்லாம் முத்தம்மா நடுவில் நடந்தாள். நான் என்னை ஏமாற்றிக்கொள்வதில் கெட்டிக்காரன்.

கோயில் முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம். முத்தம்மா சரளாவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், “இங்கதான் அவ குந்துனா” என்று காட்டினாள். சரளா ஈர மண்ணில் மண்டியிட்டாள். பூசாரி வந்து, அவள் எதிரே தரையில் இரண்டு கை சோற்றைக் கொட்டிவிட்டு நகர்ந்தான். தூறல் சோற்றின்மேல் விழுந்தது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “அக்கா” என்று சொல்லிக் குனிந்தாள்.

பின்னாலிருந்து பார்க்க அது சரளா இல்லை. அந்தப் புடவை, அந்த ஈர முடிச்சு, குனிகிற அந்தக் கழுத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு இதைத்தான் பார்த்தேன்.

கயிற்றைத் தாண்டினேன். யாரோ, “ஏய், ஆம்பள உள்ள போறான்” என்று கத்தினார்கள். போய் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன். மூக்கு நுனியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. வாயில் இன்னும் படவில்லை.

“துன்னாதே.”

“வுடுங்க. அக்கா கோச்சுக்குவாங்க.”

“அவளுக்குக் கோவமே இல்ல சரளா. கொற எங்கிட்ட. என்னாலதான் பொறக்கல. என் ரத்தத்துல, பொறக்கும்போதே. நான் பாத்துட்டேன். மூணு தடவ பாத்துட்டேன்.”

முத்தம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “டேய் முனி, எதனா பைத்தியம் புடிச்சுதா? எல்லாரும் பாக்குறாங்கடா, வாய மூடு!”

“ஆறு வருஷம் மூடிகினுதானே இருந்தேன்?” என்றேன். என் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களின் புருஷன்மார்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஒருவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

சரளா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மழைத்துளி அவள் நெற்றிக் குங்குமத்தைக் கரைத்து மூக்கோடு இறக்கியது. பிறகு கேட்டாள்.

“அக்காவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

“கேக்கவே இல்லியா அவங்க?”

“கேட்டா.”

“இன்னா சொன்னீங்க?”

“பாத்துட்டேன், எனக்கு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன். பாக்காமலே சொன்னேன்.”

“அதுக்கப்புறந்தான் இங்க வந்து குந்துனாங்களா?”

தலையை ஆட்டினேன்.

சரளா திரும்பி அந்தச் சோற்றைப் பார்த்தாள். மூக்கில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் எடுத்து, தரையில், அந்தச் சோற்றோடு சேர்த்துவைத்தாள். கையைப் புடவையில் துடைக்கவில்லை. அது ஜகதாம்பாளின் புடவை. தூரத்தில் பிடித்துக்கொண்டு மழையில் கழுவினாள்.

“நாலு வருசம். ஒரு தப்பும் பண்ணாதவங்ககிட்டப் போயி, ஒரு தப்பும் பண்ணாத நான் மன்னிப்புக் கேட்டுகினு இருந்தேன்” என்றாள். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். பிறகு தரையைக் காட்டினாள்.

“இது உங்க சோறு. குந்துங்க.”

முத்தம்மா ஏதோ சொல்ல வந்தாள். சரளா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில், ஜகதாம்பாள் உட்கார்ந்த இடத்தில் மண்டியிட்டேன். நீளமான கால்கள், மடக்கி உட்கார நேரம் பிடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். சோறு சில்லென்று இருந்தது. முதல் வாயிலேயே மண் பல்லில் நெரிந்தது. இதைத்தான் தின்றாளா, இப்படித்தான் இருந்ததா என்று அப்போதுதான் தெரிந்தது. விழுங்கினேன். வேப்பிலையிலிருந்து தண்ணீர் என் கழுத்தில் சொட்டியது.

இரண்டாவது வாய்க்குக் குனிந்தபோது ஓரக்கண்ணில் தெரிந்தது. கோயில் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, அரக்குப் புடவையில், நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. நான் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். நிமிர்ந்து அது யார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.